சீனத்து முதியோரின் உணவும் நலமும்

சீனரின் இல்லங்களிலே, சிறப்பாக மூத்தோரின் பிறந்தநாள் விழாக்களிலே, ஒரு கிழவரின் உருவத்தைக் காணலாம். முன்தள்ளிய பெரிய நெற்றி, மார்பளவு தொங்கும் வெண்தாடி, ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பீச்சுப் பழம். நீண்ட ஆயுளுக்குரிய தேவதை இவரே. பிறந்தநாளன்று மூத்தோருக்கு நீண்ட மாவிழைகளை அறுக்காமல் சமைத்துப் பரிமாறுவதும் அந்நாட்டு வழக்கம். இழை நீளுமாப்போல ஆயுளும் நீளவேண்டும் என்பது கருத்து.

வேண்டிய வரம் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். 1949ஆம் ஆண்டளவில் சீனரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 35 ஆண்டாக இருந்தது. அக்காலத்தில் எல்லோரும் முப்பத்தைந்தில் மாண்டனர் என்று இதற்குப் பொருளில்லை. பிறந்த குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தமையாலேயே சராசரி அவ்வளவு தாழ்ந்து கிடந்தது. 2024ஆம் ஆண்டில் அதே சராசரி 79 ஆண்டாக உயர்ந்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் அறுபது வயதை எட்டியோரும் கடந்தோருமாக 31 கோடி மக்கள் அங்கே வாழ்ந்தனர். இந்தோனேசியாவின் முழுச் சனத்தொகையிலும் இது அதிகம்.

ஆனால் ஆயுள் வேறு, நலம் வேறு. அந்த நீண்ட ஆண்டுகளை நடந்து திரிந்து கழிப்பதா, படுக்கையிற் கிடந்து கழிப்பதா என்பது சீனத்திலே தனியொருவரின் இன்ப துன்பத்தோடு முடிந்துபோகும் கேள்வியன்று. 1980ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை, குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்ற கட்டுப்பாடு அங்கே பெரும்பாலும் நடைமுறையில் இருந்தது. அக்காலத்துப் பிள்ளை ஒன்று வளர்ந்து, தன்னைப் போன்ற ஒற்றைப் பிள்ளையை மணந்தால், கணவன் மனைவி இருவருக்கும் மேலே நான்கு பெற்றோர் இருப்பர். கீழே ஒரு குழந்தை இருக்கும். அந்த நான்கு முதியோருள் ஒருவர் கைகால் விளங்காமல் விழுந்துவிட்டால், உழைக்கும் இருவரில் ஒருவரின் உழைப்பு நின்றுவிடக்கூடும். ஆகவே, அறுபது வயது மாமியார் சட்டியில் எத்தனை கரண்டி உப்பிடுகிறார் என்பது அந்த வீட்டின் வருமானத்தையே தொடும் காரியமாகிவிடுகின்றது.

உப்பைப் பற்றி முதலிலே பேசுவதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியரை அதிகமாகக் கொன்றது மாரடைப்பு. சீனரை நெடுங்காலமாகக் கொன்றும் முடமாக்கியும் வந்திருப்பது பாரிசவாதம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் பாரிசவாதம் வரும்; குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வரும். மேலைநாட்டாரோடு ஒப்பிடுகையில் சீனரிடையே இரண்டாவது வகையின் பங்கு கூடுதல். இருவகைக்கும் தலையாய காரணம் உயர் இரத்த அழுத்தம். அழுத்தத்தை உயர்த்துவனவற்றுள் அன்றாடம் கையாளப்படும் பொருள் உப்பு. உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி வைக்கின்றது; தேங்கிய நீர் இரத்தத்தின் கனவளவைக் கூட்டுகின்றது; குழாய்களின் சுவர் அந்தப் பாரத்தை ஆண்டுக்கணக்காகத் தாங்கித் தாங்கித் தடிப்பேறி இறுகுகின்றது. இளமையில் இறுகத் தொடங்கும் குழாய் முதுமையில் வெடிக்கின்றது.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்கிறது. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு அது. சீன அரசு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வீட்டுச் சமையலில் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 9.3 கிராம் உப்பு செலவாயிற்று. சோயா அவரையைப் புளிக்கவைத்து எடுக்கும் கறுப்புச் சாறு, உப்பிட்ட மீன், உப்பிட்ட முட்டை, கடைச் சாப்பாடு ஆகியவற்றின் வழியாக உட்செல்லும் உப்பு இந்தக் கணக்கைச் சேர்ந்ததன்று. மேலைநாடுகளிலே மக்கள் உண்ணும் உப்பிற் பெரும்பகுதி தொழிற்சாலையிலே உணவோடு சேர்ந்து வருகின்றது. சீன முதியோர் உண்ணும் உப்பிற் பெரும்பகுதியோ வீட்டு அடுப்பங்கரையிலே சமைப்பவரின் கையால் விழுகின்றது. அதனாலேயே அதைக் குறைப்பது எளிது என்று முதலில் எண்ணினர். உண்மையில் அது கடினமாயிற்று.

நாக்கு பழகிய வரலாற்றைப் பார்த்தால் காரணம் புலனாகும். வடசீனத்தில் நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை நிலம் உறைந்து கிடக்கும். பச்சை மரக்கறி அரிதாகிவிடும். ஆதலால் இலையுதிர்காலத்தின் முடிவிலே நீண்ட சீனக் கோவாவை வண்டி வண்டியாக வாங்கி, முற்றத்திலும் மாடி முகப்பிலும் அடுக்கி வைத்தனர். 1980களிற்கூடப் பெய்ஜிங் நகர வீதியோரங்களிலே இக்கோவாக் குவியல்கள் பழகிய காட்சியாக இருந்தன. ஒரு பகுதியைப் பெரிய சாடிகளில் உப்பிட்டு அமுக்கி, மேலே கல்லேற்றிப் புளிக்கவைத்தனர். முள்ளங்கியும் கடுகிலையும் அவ்வாறே சாடிக்குட் சென்றன. தானியம் வாங்குவதற்கு 1955ஆம் ஆண்டிலே வந்த பங்கீட்டுச் சீட்டு முறை 1993ஆம் ஆண்டிலேதான் முற்றாக ஒழிந்தது. இறைச்சியும் எண்ணெயுங்கூட நெடுங்காலம் அளந்தே கொடுக்கப்பட்டன. கறி இல்லாத தட்டிலே வெறுஞ்சோற்றையும் தினைக்கஞ்சியையும் ஆவியில் அவித்த மா உருண்டையையும் தொண்டைக்குள் இறக்கியது அந்த உப்பு மரக்கறியே. இன்று எழுபத்தைந்து வயதாகும் ஒருவர் தம் குழந்தைப் பருவத்தையும் இளமையையும் முழுவதுமாக அக்காலத்திலேயே கழித்தவர். கடையிலே பன்னிரண்டு மாதமும் பச்சைக் கீரை கிடைக்கும் இக்காலத்திலும், உப்புக் குறைந்த உணவு அவருக்கு உணவாகத் தோன்றுவதில்லை. அவருடைய நாக்கைக் குறை சொல்வதற்கில்லை. பஞ்ச காலத்திலே அவரை வாழ வைத்த நாக்கு அது.

தெற்கே நிலைமை சற்று வேறு. சியாங்சு, செச்சியாங், குவாங்தோங் முதலிய கரையோர மாகாணங்களிலே மீனும் பச்சை மரக்கறியும் ஆண்டு முழுவதும் கிடைக்கும், சமையலும் மென்சுவையுடையது. 2022ஆம் ஆண்டிலே திருத்தி வெளியிடப்பெற்ற சீன உணவு வழிகாட்டி நூல் இந்தக் கிழக்குக் கரையோர உணவு முறையையே நாட்டுக்கு முன்மாதிரியாக எடுத்துக் கூறிற்று. தங்கள் நாட்டு மூலையொன்றில் பாட்டிமார் சமைப்பதையே நல்லுணவெனக் காட்டியது புத்தியான செயல். ஆயினும் வடக்கே பனியில் வளர்ந்த கிழவரைத் தென்னாட்டுச் சமையலுக்கு மாற்றுவது எவருக்கும் இயலாத காரியம்.

இவ்விடத்திலேதான் ஆராய்ச்சியாளர் சிலர் வேறொரு வழியைச் சிந்தித்தனர். நாக்கை மாற்ற இயலாதெனின் உப்பையே மாற்றினால் என்ன? கறியுப்பு என்பது சோடியம் குளோரைட்டு. அதில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பொற்றாசியம் குளோரைட்டைச் சேர்த்தால், சுவையிலே பெரிய வேறுபாடு தெரியாது. சோடியம் குறையும், இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் இயல்புள்ள பொற்றாசியம் கூடும். பழமும் மரக்கறியும் போதிய அளவு உண்ணாதவருக்குப் பொற்றாசியமும் பொதுவாகக் குறைவாகவே கிடைக்கின்றது. ஆதலால் ஒரு கலவை இரண்டு குறையைத் தீர்க்கின்றது.

2014ஆம் ஆண்டிலே வடசீனத்தின் ஐந்து பிரதேசங்களில் 600 கிராமங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஏற்கெனவே பாரிசவாதம் கண்டவரும், அறுபது வயதைக் கடந்து உயர் இரத்த அழுத்தமுள்ளவருமாக ஏறக்குறைய 21,000 பேர் சேர்ந்தனர். அவர்களின் சராசரி வயது 65. திருவுளச்சீட்டு முறையிலே 300 கிராமத்தவர்க்குக் கலவை உப்பு இலவசமாக வழங்கப்பட்டது. சமைப்பதற்கும் ஊறுகாய் போடுவதற்கும் அதனையே பயன்படுத்துமாறு சொல்லப்பட்டது. ஏனைய 300 கிராமத்தவர் தாம் வழக்கமாக உண்ட உப்பையே உண்டனர். வேறெதுவும் மாற்றப்படவில்லை. சாடி அதே சாடி. கோவா அதே கோவா. ஐந்தாண்டு முடியும் தறுவாயில் கணக்கெடுத்தனர். அவ்வளவு மூத்த, நோய்ப்பட்ட மக்கட் கூட்டத்திலே 4,000 பேருக்கு மேல் இறந்திருந்தனர். 3,000 பேருக்கு மேல் பாரிசவாதங் கண்டிருந்தனர். ஆனால் கலவை உப்புண்ட கிராமங்களிலே பாரிசவாதம் நூற்றுக்கு 14 வீதமும், மரணம் நூற்றுக்கு 12 வீதமும் குறைவாக இருந்தன. முடிவு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, உபதேசமுமில்லை. உப்புப் பொதியை மாற்றியதன் பயன் இவ்வளவு.

உபதேசத்தின் வலிமை எவ்வளவென்பதை மற்றொரு பரிசோதனை காட்டிற்று. முதியோர் இல்லங்கள் 48இல் 1,612 பேரிடையே நடந்த அப்பரிசோதனையிலே, சில இல்லங்களுக்குக் கலவை உப்புக் கொடுத்தனர். வேறு சில இல்லங்களிலே சமையலறைக்குக் கொடுக்கும் உப்பின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வந்தனர். ஈராண்டு கழிந்தபோது, கலவை உப்புண்டவரின் இரத்த அழுத்தம் சராசரி 7 மில்லிமீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. இருதய நோயும் பாரிசவாதமும் நூற்றுக்கு 40 வீதம் குறைந்திருந்தன. அளவைக் குறைத்துக் கொடுத்த திட்டமோ இரத்த அழுத்தத்தை அசைக்கவேயில்லை. முதியோரின் உணவிலே கைவைக்க முற்படும் எல்லாத் திட்டக்காரரும் இந்த முடிவைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இதிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பொற்றாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் பழுதுற்றவருக்கும், பொற்றாசியத்தைத் தேக்கிவைக்கும் சில மருந்துகளை உட்கொள்பவருக்கும் இவ்வுப்பு தீங்கு செய்யக்கூடும். முதியோரிடையே இத்தகையோர் பலர். அதனாலேதான் உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட வழிகாட்டலிலே, வளர்ந்தோருக்கு இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோது சிறுநீரக நோயாளரை விலக்கி வைத்தது. வைத்தியரைக் கேளாமல் முதியோர் எவரும் இதில் இறங்குவது தகாது.

உப்பு பழைய வறுமையின் எச்சம் என்றால், நீரிழிவு புதிய செழிப்பின் வரவு. 1980களுக்குப் பின் சீனரின் தட்டு மாறிய வேகம் உலக வரலாற்றிலே அரிது. உலகத்துப் பன்றியிறைச்சியிற் பாதியளவை இன்று சீனரே உண்கின்றனர். எண்ணெயை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கொள்ளலாமென்று வழிகாட்டி நூல் கூற, 2020ஆம் ஆண்டு அறிக்கை ஆளுக்கு 43 கிராமெனக் காட்டிற்று. அதே அறிக்கை வளர்ந்தோரிற் பாதிப்பேருக்கு மேல் எடை மிகுந்தவரென்றும் கூறியது. வயலிலே மண்வெட்டி பிடித்தவரும் துவிச்சக்கர வண்டியில் ஆலைக்குச் சென்றவரும் இன்று மின்தூக்கி ஏறி வீடு சேர்கின்றனர். உண்பது கூடிற்று, எரிப்பது குறைந்தது.

அன்றியும், சீன முதியோரிடையே ஒரு தலைமுறைக்குத் தனித்த ஆபத்தொன்று உண்டெனப் பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. 1959 முதல் 1961 வரை அந்நாட்டிலே பெரும் பஞ்சம் நிகழ்ந்தது. அப்போது தாயின் வயிற்றிலிருந்தோர் இன்று அறுபதைக் கடந்து நிற்கின்றனர். கருவிலே பட்டினி கண்ட உடல், கிடைப்பதைச் சேமித்து வைக்கும் இயல்போடு பிறக்கின்றது; பின்னர் செழிப்பு வந்தால் அந்த இயல்பே பகையாகின்றது என்பது அறிஞரின் விளக்கம். இத்தகையோரிடையே, அதிலும் பிற்காலத்திலே வசதியாக உண்டோரிடையே, நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது. பஞ்சத்திலே பிறந்தோரையும் அதற்குப் பின் பிறந்தோரையும் ஒப்பிடுகையில் வயது வித்தியாசத்தைச் சரியாகக் கழிக்காமல் ஆபத்தைப் பெரிதுபடுத்தினர் என்று மறுப்போரும் உளர். இந்த மறுப்பையும் சிந்தித்தே கொள்ளவேண்டும்.

நீரிழிவைப் பற்றிச் சீனம் உலகுக்குக் கொடுத்த பெரிய செய்தி வேறொன்று. வடகிழக்கே தாச்சிங் என்னும் எண்ணெய்க் கிணற்று நகரம் ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டிலே அந்நகரத்து வைத்திய நிலையங்கள் 33இல், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் இரத்தத்திலே சீனியின் அளவு பரிசோதிக்கப்பட்டது. இன்னும் நீரிழிவு ஆகவில்லை, ஆனால் அதன் வாசலிலே நிற்கின்றனர் என்று சொல்லத்தக்க 577 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்குச் சராசரி வயது 45. ஒரு பகுதியினர் வழக்கம்போல விடப்பட்டனர். ஏனையோருக்கு உணவுத் திருத்தம், உடற்பயிற்சி, அல்லது இரண்டும் ஆறாண்டு காலம் சொல்லிக் கொடுக்கப்பட்டன. சொன்னவை பெரிய விரதங்கள் அல்ல. மரக்கறியைக் கூட்டு, மதுவையும் சீனியையும் குறை, பருத்தவராயின் மாதத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையை இறக்கு. பயிற்சியோவெனில், அரைமணி நேரம் மெல்ல நடப்பதும் வீடு கூட்டுவதும் ஓர் அலகு. அன்றாடம் செய்வதோடு அதிலே ஓரலகு கூட்டினாற் போதும். ஆறாண்டு முடிவிலே, விடப்பட்டவருள் மூன்றில் இரண்டு பங்கினர் நீரிழிவாளராயினர். அறிவுரை பெற்றவருள் பாதிக்கும் குறைவானோரே அந்நிலையை அடைந்தனர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது பத்தோடு பதினொன்றாகிய ஆராய்ச்சியாகும். ஆனால் அம்மக்களை ஆராய்ச்சியாளர் விட்டுவிடவில்லை. அறிவுரை கூறுவது 1992ஆம் ஆண்டில் நின்றது. கணக்கெடுப்பது முப்பதாண்டு வரை தொடர்ந்தது. நாற்பத்தைந்து வயதிலே சேர்ந்தவர் எழுபத்தைந்தை எட்டினர். 2019ஆம் ஆண்டிலே வெளிவந்த முடிவின்படி, அறிவுரை பெற்ற கூட்டத்தினருக்கு நீரிழிவு ஏறக்குறைய நான்காண்டு தாமதித்தே வந்தது. இருதய நோயும் பாரிசவாதமும் நூற்றுக்கு 26 வீதம் குறைந்தன. சராசரி ஆயுள் ஒன்றரை ஆண்டளவு நீண்டது. ஒன்றரை ஆண்டுதானா என்று கேட்கலாம். நடுவயதிலே ஆறாண்டு கொஞ்சம் கூடுதலாக நடந்ததற்கும் கொஞ்சம் குறைவாகக் குடித்ததற்கும், கால் நூற்றாண்டு கழிந்தபின் கிடைத்த வட்டி அது. உடல் கணக்கை மறப்பதில்லை. சீன முதியவரின் இன்றைய நோயை ஆராய்வோர் அவருடைய இன்றைய தட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. முப்பதாண்டுக்கு முந்திய தட்டையும் பார்க்கவேண்டும்.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. அறுபது வயதினருக்குப் பொருந்தும் அறிவுரை எண்பது வயதினருக்குப் பொருந்தாமற் போகலாம். மிக மூத்தோரைப் பற்றி 1998ஆம் ஆண்டு முதல் சீனத்திலே நடந்துவரும் பெரிய ஆராய்ச்சி ஒன்றிலே, எண்பதைக் கடந்தவரிடையே மெலிந்தவரைவிடச் சற்றுப் பருத்தவரே அதிக காலம் வாழ்வது காணப்பட்டது. மெலிவு அவ்வயதிலே அழகன்று. தசை கரைவதன் அடையாளம். தசை கரைந்தால் கால் தளரும், தளர்ந்தால் விழுவர், அறுபத்தைந்தைக் கடந்த சீனப் பெண்களிற் பாதிப்பேருக்கு எலும்பு நொய்ந்திருப்பதாக 2018ஆம் ஆண்டுக் கணக்கொன்று கூறுவதனால், விழுந்தால் முறியும். ஆகவேதான் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் எண்பதைக் கடந்தோருக்கெனத் தனி அதிகாரம் வகுத்தது. அவர்களுக்குக் கட்டுப்பாட்டைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுமாறு அது வற்புறுத்துகின்றது. சோயா அவரைப் பாலை உறையவைத்துச் செய்யும் தோபு, முட்டை, மீன், மெல்லிதாக அரிந்த இறைச்சி ஆகியவை பல்லில்லாதவருக்கும் ஏற்றவை. பசும்பால்தான் சங்கடம். சீனரிற் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. குடித்தால் வயிறு பொருமும். தயிராக்கி உண்டால் அத்தொல்லை குறையும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு வகை, வாரத்துக்கு இருபத்தைந்து வகை உணவுப்பொருள் உண்ணவேண்டுமென்றும் அந்நூல் கூறுகின்றது. பல வகை கலந்து உண்ணும் மூத்தோர் நீடித்து வாழ்கின்றனர் என்பது மேற்சொன்ன ஆராய்ச்சியிலும் தெரிந்த உண்மையே.

புகையும் மதுவும் பற்றிச் சுருங்கச் சொன்னாற் போதும். 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி சீன ஆண்களிற் பாதிப்பேர் புகைப்போர். பெண்களிலோ நூற்றுக்கு இருவர். ஆணின் ஆயுளைக் குறைக்கும் பெரிய காரணங்களுள் இது ஒன்று. அளவாகக் குடித்தால் பாரிசவாதம் அணுகாது என்று நெடுநாள் ஒரு நம்பிக்கை இருந்தது. சிறிது மதுவுக்கே முகஞ் சிவந்து துன்புறும் பிறவி இயல்பு கிழக்காசியர் பலரிடம் உண்டு. அந்த இயல்பைக் கொண்டு ஐந்து லட்சம் சீனரிடையே நடந்த ஆராய்ச்சி, குறைந்த அளவு மதுவுக்கும் அத்தகைய காவற்சத்தி கிடையாதென 2019ஆம் ஆண்டில் நிறுவிற்று. பெண்களுக்குச் சிகரெட்டைவிட அடுப்பே எமனாயிற்று. யுன்னான் மாகாணத்துச் சுவான்வெய் என்னும் பகுதியில் புகைமிகுந்த நிலக்கரியைத் திறந்த குழியில் எரித்துச் சமைத்த பெண்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் மலிந்திருந்தது. 1976ஆம் ஆண்டு முதல் அங்கே புகைபோக்கி வைத்த அடுப்புகள் பரவின. அவ்வடுப்புக்கு மாறிய பெண்களிடையே அந்நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

விடியற்காலையிலே சீன நகரத்துப் பூங்காக்களைக் கண்டோர், அந்நாட்டு முதியோர் நோயாளிகள் என்பதை நம்பமாட்டார்கள். ஒருபுறம் தாய்ச்சி என்னும் பழைய போர்க்கலையை மேகம் நகர்வதுபோல் மெல்ல மெல்லப் பயிலுவோர். மறுபுறம் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு வரிசையாக ஆடும் பாட்டிமார். கூண்டுப் பறவையை ஏந்தி நடக்கும் தாத்தாக்கள். தாய்ச்சியின் நீண்ட பழைய முறைகளைச் சுருக்கி, எவரும் கற்கத்தக்க 24 அசைவுகளாக 1956ஆம் ஆண்டிலே அரசின் விளையாட்டுத் துறையினர் அமைத்தனர். ஒற்றைக் காலிற் பாரத்தை மாற்றி மாற்றி நிற்கும் இப்பயிற்சி, முதியோர் விழுவதை ஐந்தில் ஒரு பங்களவு குறைக்கக்கூடுமெனப் பல நாட்டுப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தோர் கூறுகின்றனர். பாட்டிமாரின் ஆட்டத்தால் அயல் வீட்டார் உறக்கம் கெடுவதாக எழும் முறைப்பாடுகள் தனிக்கதை. கூட்டமாக ஆடுபவர் தனிமையிலிருந்தும் தப்புகின்றனர் என்பதையும் அயலார் பொறுமையோடு எண்ணிப் பார்க்கலாம்.

தனிமை என்பது சீனத்திலே இன்று உணவோடு நெருங்கிய விடயம். பிள்ளைகள் தொழில் தேடித் தொலைநகரம் சென்றுவிட, கிராமத்து வீடுகளிலே முதியோர் மட்டுமே எஞ்சியுள்ளனர். வெறுங்கூடு என்று சீனர் அவ்வீடுகளுக்குப் பெயரிட்டுள்ளனர். 2013ஆம் ஆண்டு யூலை 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்கவேண்டும் என்றே விதித்தது. சட்டத்தால் பாசத்தை வரவழைக்கலாமா என்பது ஒருபுறமிருக்க, பிள்ளை வராத நாளிலே கிழவி என்ன உண்கிறாள் என்பதே வைத்தியரின் கவலை. ஒருத்திக்காக அடுப்பு மூட்டி நான்கு கறி வைக்க எவருக்கு மனம் வரும்? ஒரு பானை கஞ்சி வைத்து, சாடியிலிருந்து ஒரு பிடி உப்பு மரக்கறியை எடுத்துக்கொண்டால் அன்றைய பொழுது கழியும். மிஞ்சியதை எறியும் பழக்கமும் அத்தலைமுறைக்கு இல்லை; மறுநாளும் அதுவே. இப்படியாகத் தனிமை வந்த வீட்டுக்குள் பழைய உப்புச் சாடி மீண்டும் வந்து அமர்கின்றது. புரதம் தட்டை விட்டு நீங்குகின்றது.

நகரங்களிலே இதற்கு ஒரு பரிகாரம் முதியோர் உணவுச்சாலை. சாங்காய் முதலிய நகரங்களிலே குடியிருப்புகளுக்கு அருகே இவை அமைந்துள்ளன. மூத்தோருக்கு விலைச்சலுகை உண்டு. நடக்க இயலாதவருக்கு வீட்டுக்கே உணவு செல்லும். 2023ஆம் ஆண்டிலே மத்திய அரசின் பல திணைக்களங்கள் கூடி, இத்தகைய உணவுச் சேவையை நாடெங்கும் விரிப்பதற்கு ஒரு திட்டத்தை வெளியிட்டன. நகரத்திலே இது நடக்கும். வீடுகள் சிதறிக் கிடக்கும், காசு குறைந்த கிராமத்திலே உணவுச்சாலையை நடத்துவது எளிதன்று.

ஹெபெய் மாகாணத்துப் பெய்சியாங் என்னும் பகுதியிலே ஒரு கிராமத்தார் 2008ஆம் ஆண்டிலே வேறு வழியைக் கண்டனர். வெறுமையாகக் கிடந்த கட்டடம் ஒன்றைத் திருத்தி, தனித்து வாழ்ந்த முதியோரை அங்கே ஒன்றாகத் தங்கச் செய்தனர். இடத்தின் செலவைக் கிராமம் ஏற்றது. அரிசியும் மாவும் மரக்கறியும் அவரவர் வீட்டிலிருந்து வந்தன. சம்பளத்துக்குச் சமையற்காரர் கிடையாது. அறுபதுகளில் உள்ள கிழவிகள் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, எண்பதைக் கடந்தவர் அருகிருந்து கீரை ஆய்ந்து கொடுக்க, எல்லோரும் ஒரே மேசையில் உண்ணத் தொடங்கினர். அம்முறை பின்னர் அம்மாகாணத்து வேறு கிராமங்களுக்கும் பரவிற்று.